வளைவில் வந்த மச்சான்

பந்தயம் சாயங்காலம்தான். ஆனால் லாண்டரிக்காரர் வீட்டில் காலையிலிருந்தே ஒரு வேலையும் ஓடவில்லை.

கீழே கடை, மேலே வீடு. கடையில் ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்து கிடந்தன. லாண்டரிக்காரர் மடித்து வைத்த விரிப்பையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒருத்தருடைய கோட்டை இன்னொருத்தருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு, தெருமுனை வரை ஓடிப் போய் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தாள்.

இருக்காதா பின்னே. சர்வதேசத் தடகளப் போட்டி இந்த வருஷம் இவர்கள் ஊரிலேயே நடக்கிறது. ஆளுக்கு நூறு மீட்டர் என்று நான்கு ஆண்கள் ஓடும் தொடர் ஓட்டத்தில், சொந்த நாட்டு அணியின் மூன்றாவது ஆள் இந்த வீட்டு மாப்பிள்ளை. நான்காவது ஆள் இந்த வீட்டுப் பிள்ளை. மாப்பிள்ளை வளைவில் ஓடி வந்து குச்சியை மைத்துனன் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்கிறவனும் வாங்குகிறவனும் ஐந்து மாசமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதுதான் சங்கடம்.

பிள்ளைக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. கடைக்குட்டி என்பதாலும், கை கால் ஒரு இடத்தில் நிற்காது என்பதாலும் வந்த பெயர். தபால் ஆபீசில் வேலை. மாப்பிள்ளைக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. இரண்டு பேரும் பல வருஷமாக ஒன்றாக ஓடிப் பழகியவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். பார்த்த இடத்தில் எல்லாம் வாலு அவனை ‘மச்சான்’ என்றுதான் கூப்பிடுவான். சிநேகிதர்கள் சும்மா கூப்பிட்டுக்கொள்வார்களே, அந்த மச்சான்.

ஐந்து மாசத்துக்கு முன்னால் ஒரு நாள் வாலுவின் அக்காவும் அந்த மச்சானும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையும் கழுத்துமாகக் கடை வாசலில் வந்து நின்றார்கள். லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டை மேலேயே மறந்து வைத்துவிட்டார். சட்டை போனது. அன்றிலிருந்து மகளிடம் பேசுவார். மருமகனை மட்டும் ‘அந்தப் பையன்’ என்பார், அதுவும் தவிர்க்க முடியாவிட்டால்.

வாலுவுக்கு அப்பாவை விடப் பெரிய மனவருத்தம். இத்தனை வருஷம் விளையாட்டுக்கு மச்சான் என்று கூப்பிட்டவன், அவன் நிஜமாகவே மச்சான் ஆனதும் அந்த வார்த்தையை அடியோடு நிறுத்திவிட்டான். போதாததற்கு மரியாதை வேறு. “வாங்க”, “நீங்க ஓடி முடிச்சுட்டீங்களா”, “குச்சி அங்க இருக்குங்க.” திட்டியிருந்தால்கூட மாப்பிள்ளைக்கு இத்தனை வலித்திருக்காது.

நேற்றைய தகுதிச் சுற்றில் இந்த மனஸ்தாபம் ஊரறிய வெளியே வந்தது. குச்சி கொண்டு வருகிறவன் ‘கை’ என்று கத்த வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் முன்னால் ஓடுகிறவன், திரும்பிப் பார்க்காமல், கையைப் பின்னால் நீட்ட வேண்டும். பக்கத்துத் தடத்தில் வந்த வெளிநாட்டுக்காரன் தன் ஆளைப் பார்த்து ஏதோ கத்தியது வாலுவின் காதில் ‘கை’ என்று விழுந்தது. நீட்டிவிட்டான். மாப்பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. நீட்டிய கையோடு, பஸ்ஸை நிறுத்தப் பார்க்கிறவன் மாதிரி அவன் ஓடிய கோலத்தைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். எப்படியோ தட்டுத் தடுமாறிக் கடைசி அணியாக இறுதிப் போட்டிக்குள் நுழைந்தார்கள். இரண்டு பேரும் வேறு வேறு பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பினார்கள்.

மகள் பத்து மணிக்குக் கடைக்கு வந்தாள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தாள். பையிலிருந்து மைதானத்துப் பாஸ்களை எடுத்து மேஜை மேல் வைத்தாள். வீரர்களின் குடும்பத்துக்கு ஆளுக்கு இரண்டு என்று கொடுத்தார்களாம். அவரோடது இரண்டு, தம்பியோடது இரண்டு, ஆக மொத்தம் நாலு என்றாள்.

அப்பா படுக்கை விரிப்பை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. சாயங்காலத்துக்குள் இதையெல்லாம் ஓட்டலுக்கு அனுப்பியாக வேண்டும் என்றார். வண்டிக்காரரிடம் நேற்றே பேசியாகிவிட்டது, மூன்று மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போகிறார் என்றாள் அம்மா. அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“அந்தப் பையன் கொடுத்த பாஸ்ல நான் வர மாட்டேன். வாலுவோடது எதுன்னு பாத்து அதுல ஒண்ணு கொடு.”

மகள் பாஸ்களைப் பார்த்தாள். நாலும் ஒரே அச்சு, ஒரே நிறம். பெயர் கிடையாது, நம்பர் கிடையாது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா கொஞ்சமும் முகம் மாறாமல் அதில் ஒன்றை உருவி, “இதுதான் வாலுவோடது” என்று நீட்டினாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு திருப்தியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீந்த பாஸை அம்மா, காலையில் கோட்டு மாறிப் போன வாடிக்கையாளருக்குக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டாள்.

மைதானத்துக்குப் பின்னால் பயிற்சி செய்ய ஒரு சின்னத் திடல் உண்டு. அங்கே அதே நேரம் நிலைமை சரியில்லை.

அணியின் பயிற்சியாளர் ஒரு அம்மாள். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். தூங்கும்போதும் கழற்ற மாட்டார் என்று பேச்சு. பையன்களுக்கு அவர் விசிலம்மா. காலையிலிருந்து மாப்பிள்ளையையும் வாலுவையும் ஓட விட்டுப் பார்த்தார். ஒரு தடவை வாலு சீக்கிரம் கிளம்பிவிட்டான். இன்னொரு தடவை கிளம்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றதில் மாப்பிள்ளை அவன் முதுகிலேயே வந்து மோதினான். “மன்னிச்சுக்குங்க” என்றான் வாலு. அந்த ‘ங்க’ விசிலம்மாவின் காதிலேயே குத்தியது.

மதியம் ஒரு மணிக்குள் யார் எந்த இடத்தில் ஓடுகிறார்கள் என்று போட்டி நடத்துகிறவர்களிடம் சொல்லியாக வேண்டும். மாற்று ஆளாக வந்திருக்கும் நெட்டையன் கடைசியில் ஓடட்டும், வாலு உட்காரட்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

வாலு பெஞ்சில் போய்ப் படுத்து முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டான். சொந்த ஊரில், அம்மா அப்பா பார்க்க வரும் நாளில், பெஞ்சில் உட்காரப் போகிறான். யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில் இரண்டாவதாக ஓடுகிறவன் வந்து துண்டைத் தூக்கினான். அவன் பல் மருத்துவம் படிக்கிறவன்; பல் டாக்டர் என்றே பெயர்.

உன் அக்கா வீட்டுக்காரர் விசிலம்மாவிடம் போய் நிற்கிறார் என்றான். நெட்டையனை வளைவில் ஓடச் சொல்லுங்கள், நான் விலகிக்கொள்கிறேன், வாலுவை மட்டும் எடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

வாலு எழுந்து உட்கார்ந்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது விசிலம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தார். “நீ போனா வளைவுல உன்னை மாதிரி ஓட ஆள் இல்லை. அவன் போனா கடைசியில அவனை மாதிரி ஓட ஆள் இல்லை. ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தியாகம் பண்ணினா அப்புறம் நான்தான் ஓடணும்.” வாலுவையும் பார்த்துவிட்டு, கால் மணி நேரம் தருகிறேன், பேசித் தீர்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி நகர்ந்தார்.

தடை ஓட்டத்துக்கான கட்டைகளை அடுக்கி வைத்திருந்த கொட்டகையின் நிழலில் இரண்டு பேரும் போய் நின்றார்கள். மாப்பிள்ளை விரலில் சுற்றியிருந்த டேப்பைப் பிரிப்பதும் சுற்றுவதுமாக இருந்தான்.

“எதுக்கு அப்படிச் சொன்னீங்க?” என்றான் வாலு.

“நீ இல்லாம ஓடி என்ன பண்றது? உங்கப்பா உன்னைப் பார்க்கத்தான் வர்றார். என்னைப் பார்க்க இல்லை.”

வாலு ஐந்து மாசமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கேட்டான். “ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?”

“சொல்லத்தான் வந்தேன். ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை. பக்கத்துல வந்து வாயைத் திறக்கிறதுக்குள்ள, ‘என்ன மச்சான்’னு நீ கேட்ப. எனக்குப் பாதி உயிர் போயிடும். விஷயம் தெரிஞ்சுதான் கூப்பிடுறானோன்னு தோணும். அதுக்கப்புறம் எங்க சொல்றது? தண்ணி குடிக்க வந்தேன்னு சொல்லிட்டுப் போயிடுவேன்.”

வாலுவுக்கு ஞாபகம் வந்தது. போன வருஷக் கடைசியில் இவன் ஓயாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். உடம்பில் ஏதாவது கோளாறா என்று டாக்டரைப் பார்க்கச் சொன்னதே வாலுதான். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தான். முடியவில்லை. சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. மாப்பிள்ளையும் சிரித்தான், பயந்து பயந்து.

சிரித்து முடித்ததும் வாலுவின் குரல் இறங்கியது.

“நீ அக்காவைக் கட்டிக்கிட்டதுல எனக்கு வருத்தம் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட ரெண்டு பேரும் யாரையோ கூட்டிட்டுப் போனீங்களே, அதுதான். நான் அன்னிக்கு இங்க குச்சியை வெச்சுக்கிட்டு நீ வருவ வருவன்னு நின்னுக்கிட்டிருந்தேன்.”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்ததை மாப்பிள்ளை கவனித்தான். “தப்புதான்” என்றான். “அந்த இடம் உன்னோடது. வேற யாரையும் நிக்க வெச்சிருக்கக் கூடாது.”

வாலு தலையை ஆட்டினான். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினான். பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். சட்டை நுனியால் துடைத்துக்கொண்டு ஓட்டப் பேச்சுக்கு வந்தான். ‘கை’ என்று கத்தினால் இந்தக் கூட்டத்தின் இரைச்சலில் யார் கத்துவதும் அப்படியே கேட்கிறது, வேறு வார்த்தை வேண்டும் என்றான். மாப்பிள்ளை ‘இந்தா’ சொல்லலாமா என்றான். அதுவும் யாரோ கத்துகிற மாதிரிதான் இருக்கும். ‘நீட்டு’ என்றால் மூச்சு வாங்கும்போது வாயில் வராது.

“மச்சான்னு கத்து” என்றான் வாலு. “உலகத்துல வேற எந்த அணியும் அதைக் கத்தாது.”

மறுபடி திடலுக்கு வந்தார்கள். ஓடி வருகிறவன் எந்த இடத்தைத் தாண்டும்போது தான் கிளம்ப வேண்டும் என்று முன்னால் நிற்பவன் தரையில் ஒரு டேப் ஒட்டி வைப்பான். காலைப் பயிற்சியில் வாலு அதைப் பயந்துகொண்டு பக்கத்திலேயே ஒட்டியிருந்தான். இப்போது அதைப் பிய்த்து எடுத்து, நன்றாகத் தள்ளிப் போய் ஒட்டினான். அவ்வளவு முன்னதாகக் கிளம்பினால், பின்னால் வருகிறவன் உயிரைக் கொடுத்து ஓடி வந்தால்தான் பிடிக்க முடியும். மாப்பிள்ளை அந்த டேப்பைப் பார்த்தான். திரும்பித் தன் இடத்துக்கு நடந்தான்.

ஒரே ஒரு தடவைதான் ஓடிப் பார்த்தார்கள். விசிலம்மா விசிலை வாயருகே கொண்டு போனவர், ஊதாமல் கீழே விட்டார். போய் நிழலில் படுங்கள் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் மைதானத்தில் இடம் கொள்ளாத கூட்டம். குடும்பத்தாருக்கு ஒதுக்கிய இருக்கைகள் வளைவு முடியும் இடத்துக்கு நேர் மேலே இருந்தன. கடைசியாகத் தகுதி பெற்ற அணி என்பதால் இவர்களுக்கு வெளி ஓரத்துத் தடம். அதனால் மூன்றாவது ஆள் நான்காவது ஆளிடம் குச்சி கொடுக்கும் இடம் கண்ணெதிரே கிடந்தது. அம்மா கைப்பையை இறுகக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் நின்றுகொண்டே இருந்தாள். அப்பா, பந்தயத்தைப் பார்க்க வந்தவராகக் காட்டிக்கொள்ளாமல், மேலே கட்டியிருந்த கொடிகளின் துணி மட்டம் என்று பின்வரிசைக் கோட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

துப்பாக்கி வெடித்தது.

முதல் ஆள் நன்றாகவே கிளம்பினான். பல் டாக்டர் எதிர்ப்பக்கத்து நேர்க்கோட்டில் தன்னால் ஆனதை ஓடினான். ஆனால் உள்தடத்துக்காரர்கள் புயல்கள். மாப்பிள்ளை கையில் குச்சி வந்தபோது இவர்கள் அணி ஆறாவது இடத்தில் இருந்தது.

வளைவில் ஓடுவது எல்லோருக்கும் வராது. உடம்பு வெளியே இழுக்கும். அதை உள்ளே சாய்த்துக்கொண்டு வேகத்தையும் விடாமல் ஓட வேண்டும். மாப்பிள்ளைக்கு அது பிறவியிலேயே வந்த வித்தை. ஒருவனைத் தாண்டினான். உள்தடத்தில் யாரோ ஒருவன் கையிலிருந்து குச்சி நழுவித் தரையில் உருண்டது, அவனையும் தாண்டியாகிவிட்டது. லாண்டரிக்காரர் கொடியின் துணியைப் பற்றிய பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

இங்கேயும் அதே தூரத்தில் ஒட்டியிருந்த டேப்பை மாப்பிள்ளை தாண்டிய கணம் வாலு கிளம்பினான். திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தடத்தில் யாரோ கத்தினார்கள். இன்னொருவன் கத்தினான். வாலுவின் கை அசையவில்லை. கொடுத்து முடிக்க வேண்டிய எல்லைக்கோடு நெருங்கிக்கொண்டிருந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“மச்சான்!”

மேலே மூன்றாவது வரிசை வரை கேட்டது. வாலுவின் இடது கை பின்னால் வந்தது. குச்சி அதில் போய் உட்கார்ந்தது. அடுத்த நொடி அவன் அங்கே இல்லை. கொடுத்த வேகத்தில் கால் இடறி மாப்பிள்ளை தடத்திலேயே குப்புற விழுந்து உருண்டான்.

“யாரைக் கூப்பிட்டான்?” என்று கேட்டார் லாண்டரிக்காரர்.

“உங்க பையனைத்தான். முறை வெச்சுத்தானே கூப்பிடுறார்” என்றாள் அம்மா, வாலுவை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

வாலு ஓடியதை ஊர் அதற்கப்புறம் பல நாள் பேசியது. நான்காவதாகக் குச்சியை வாங்கியவன் எல்லைக்கோட்டில் மார்பைக் கொடுத்தபோது, பக்கத்தில் இன்னொருவன் தோளோடு தோளாக இருந்தான். முதல் இரண்டு இடம் யாருக்கு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாவது இடத்துக்கு நேரே பெரிய திரை வெறுமையாக இருந்தது. அம்மா மகளின் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் கோணிப் போனது.

பிறகு திரையில் இவர்கள் நாட்டுக் கொடி வந்தது.

கோட்டுக்காரர் இருக்கை மேலேயே ஏறிக் குதித்து வந்து லாண்டரிக்காரரைக் கட்டிக்கொண்டார். முன்பின் அதிகம் பழக்கம் இல்லாத மனிதர். இவரும் அவரை விடவில்லை.

இருக்கைகளுக்குக் கீழே, கம்பித் தடுப்பு ஓரத்தில், அவர்களைப் பார்க்க விட்டார்கள். வாலு வந்ததும் அம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை கொஞ்சம் பின்னால் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். முழங்கை நன்றாகச் சிராய்ந்திருந்தது. மகள் பஞ்சை வைத்துத் துடைத்து, ரத்தத்தைத் தினமும் பார்க்கிற எனக்கே உங்கள் ரத்தத்தைப் பார்த்தால் கை நடுங்குகிறது என்று திட்டிக்கொண்டே கட்டுப் போட்டாள்.

லாண்டரிக்காரர் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று மருமகனை உற்றுப் பார்த்தார். விழுந்து உருண்டதில் பனியனின் மார்பு முழுக்கத் தடத்தின் சிவப்பு ஏறியிருந்தது.

“இதை வெந்நீர்ல போட்டா கறை அப்படியே பிடிச்சுக்கும்” என்றார், யாரையும் பார்க்காமல். “பச்சைத் தண்ணியில ஊற வெக்கணும். அப்புறம் ஒரு மருந்து இருக்கு. மத்தவங்க கைக்கு வராது. கடைக்குக் கொண்டு வரச் சொல்லு.”

யார் கொண்டு வர வேண்டும் என்று மகள் கேட்டாள்.

“போட்டுக்கிட்டு இருக்கிறவர்தான் கொண்டு வரணும்.”

‘அந்தப் பையன்’ ஒரே நாளில் ‘இருக்கிறவர்’ ஆனதை அம்மா கவனித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல அண்ணாந்து விளக்குகளைப் பார்த்தாள். மாப்பிள்ளை எழுந்து நின்று, “சரிங்க மாமா” என்றான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு தலையை ஆட்டினார்.

அப்போது மாப்பிள்ளையின் பையில் போன் அடித்தது. அவன் கையில் கட்டு இருந்ததால் மகள் எடுத்தாள். எடுத்ததும் நிமிர்ந்து நின்றாள். பேசுவது அவள் மாமியார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டிலும் கோபம்தான். அவர்கள் வந்து போனது கிடையாது, இவர்கள் போனதும் கிடையாது. மாமியார் குரலையே மகள் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். “சரிங்கத்தை”, “ஆமாங்கத்தை” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரத்தில் போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டிவியில் பார்த்தார்களாம். பையன் விழுந்ததைப் பார்த்ததும் கோபம் எல்லாம் போய்விட்டதாம். நாளைக்குக் காலையில் குடும்பத்தோடு நம் வீட்டுக்கு வருகிறார்களாம். அது மட்டுமில்லை, கடைசியாக ஓடின பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்கிறார்களாம். இவருக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள் இல்லையா, அவளுக்கு வரன் பார்க்கலாம் என்று இருக்கிறார்களாம்.

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். தபால் ஆபீஸ் வேலை என்பதையும் சொல் என்றாள். லாண்டரிக்காரர், எத்தனை பேர் வருகிறார்கள் என்று முதலில் கேள் என்றார்.

வாலு தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்:

“அவளுக்கு இன்னும் கடைசிப் பரீட்சையே முடியலையே.”

சொல்லி முடித்த பிறகுதான் சுற்றிலும் சத்தம் நின்றுவிட்டது அவனுக்கு உறைத்தது. அம்மா சிரிப்பை நிறுத்தியிருந்தாள். அக்கா பொத்திய போனோடு அவனையே பார்த்தாள். அந்தப் பெண்ணை அவளே போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

“எங்க வீட்டுப் பொண்ணுக்குப் பரீட்சைன்னு உனக்கு யார் சொன்னது?”

“மெடல் கொடுக்கக் கூப்பிடுறாங்க” என்றான் வாலு.

யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.